நூற்றுப் பன்னிரண்டு கணினிகள்

2008 ஜூலை 9, புதன்கிழமை. பகல் மணி 12.11.

ருக்மணியின் குரல் பாதி வாக்கியத்தில் செத்தது.

காஜா பேராங் சாலையில் ஒரு கடைவீட்டின் பின்னறை அது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கணினி. சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள் சத்தத்தைத் தின்றன. அங்கிருந்துதான் ருக்மணி தன் இணைய வானொலியை நடத்தினாள். பெயர் நடுப்பகல் வானொலி. திங்கள் முதல் வெள்ளி வரை, பதினொன்று முதல் நான்கு வரை. மலாக்காவில் மட்டும் முந்நூறு வீடுகளில் கேட்டார்கள். பினாங்கிலும் கிள்ளானிலும் கேட்டார்கள்.

திரையில் நேயர்களின் எண்ணிக்கை 418 என்று இருந்தது. பிறகு 90. பிறகு பூஜ்யம்.

ருக்மணி மைக்கை அணைத்தாள். அழவில்லை. மூன்று வாரங்களில் இது இருபத்தாறாவது தடவை. ஏற்கெனவே புகார் கொடுத்திருந்த போலீசுக்குத் திரும்பவும் போன் செய்தாள்.

1.20. மலாக்கா போலீஸ் வணிகக் குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் ரஹீமா கடையின் முன் அஞ்சடி நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது. இதே வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கணினி பற்றி அவருக்குத் தெரிந்தது குறைவு. மனிதர்கள் எதை மறைப்பார்கள் என்று தெரியும். பின்னால் சார்ஜன்ட் மருதமுத்து கோப்புடன் வந்தார்.

முன்பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை. அது ருக்மணியின் கணவன் ஜெயபாலனுடையது. மேசையில் ஒரு கணினி வயிறு மூடிக் கிடந்தது. பக்கத்தில் திருப்புளி. ஜெயபாலன் கைகளைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"வேலை இல்லையா?" என்றார் ரஹீமா.

"இருக்கு மேடம். ஒன்றரைக்குத்தான் கை வைப்பேன்."

மூலையில் இன்னொரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. கடையின் சொந்தக் கணினி, இரவு பகல் அணைப்பதில்லை. அதன் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இதில் பென்டிரைவ் செருகாதீர். 27/6.' ரஹீமா அதை இரண்டு முறை படித்தார்.

ருக்மணி பின்னறையிலிருந்து வந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க கம்ப்யூட்டர் பிரிவு ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். கட்டளையெல்லாம் இந்தக் கடை மெஷின் வழியாத்தான் போகுதுன்னு இருக்கு."

"ஆமா."

"அப்ப இவருதானா? அத மட்டும் சொல்லுங்க. இவருன்னா நான் இன்னிக்கே கிளம்புறேன். இல்லன்னா இருக்கேன். ரெண்டுல எதுன்னு தெரியாம ஒருத்தருக்கு எப்படிச் சோறு போடுறது?"

"கேட்டீங்களா மேடம்?" என்றான் ஜெயபாலன். "ரேடியோவுல பேசுற மாதிரியே பேசுறா."

"உங்களுக்கு அந்த ரேடியோ பிடிக்காதா?"

"பினாங்குல ஒருத்தன். தினமும் எழுதுறான், 'உங்க குரல் கேட்காட்டி சோறு இறங்கல'ன்னு. எனக்கு இறங்குதான்னு இந்த வீட்டுல யாரும் கேட்டதில்ல. பிடிக்கலதான். அதுக்காக உடைப்பேனா?"

மருதமுத்து வாக்குமூலத்தை எழுதி முடித்தார். சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. ஜெயபாலன் திருப்புளியை எடுத்தான். மருதமுத்து பேனாவை ருக்மணியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இன்னும் அரை மணி ஆகட்டும் சார். ராகு காலம்."

"அது முடிஞ்சிருச்சு," என்றான் ஜெயபாலன், திருகாணியைச் சுற்றிக்கொண்டே. "புதன்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை. காலண்டர் தொங்குது பாரு."

"காலண்டர் தமிழ்நாட்டுலேர்ந்து வந்தது. எம்பத்திரண்டுல நம்ம நாட்டு மணிய அரை மணி முன்னால தள்ளுனாங்கல்ல, அதுக்கு யாரு கூட்டுறது? எங்கப்பா அப்படித்தான் கணக்கு வச்சாரு."

"உங்கப்பா சொன்னா சூரியனே சல்யூட் அடிக்கும்."

"செத்தவரைப் பேசாதீங்க."

ரஹீமா காத்திருந்தார். இரண்டு மணிக்கு ருக்மணி கையெழுத்துப் போட்டாள்.

காரில் ஏறியதும் மருதமுத்து, ரஹீமாவை எப்போதும்போல் 'புவான்' என்று மலாய் மரியாதையோடு அழைத்துச் சொன்னார், "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அவன் மேல குற்றச்சாட்டு எழுதணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க புவான். மெஷின் அவனோடது. பொறாமை அவனே ஒத்துக்கிட்டான். இன்னும் என்ன வேணும்?"

"இருபத்தாறு தடவையும் எத்தனை மணிக்கு நடந்துச்சுன்னு ஒரு லிஸ்ட் வேணும்."

*

ஜூலை 10, வியாழக்கிழமை. காலை 9.40.

போலீஸ் கணினிப் பிரிவு விளக்கியதை ரஹீமா தன் மொழியில் புரிந்துகொண்டார். ஒரு திருட்டு நிரல் வீட்டுக் கணினிக்குள் குடியேறுகிறது. கணினி வழக்கம்போல் ஓடும். பிள்ளைகள் அதில் விளையாடுவார்கள், பாட்டுக் கேட்பார்கள். வீட்டுக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கோ ஒருவர் ஒரு கட்டளை தட்டினால் அப்படிப்பட்ட எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் ஒரே கதவை இடிக்கும். கதவு உடையும். இதற்குப் பாட்நெட் என்று பெயர். இங்கே கதவு ருக்மணியின் வானொலி. இடித்த கணினிகள் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் யாரோ உட்கார்ந்து கையால் கட்டளை தட்டியிருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டில் எண்பதுக்கு மேல் காஜா பேராங்கிலும் அக்கம்பக்கத்திலும் இருந்தன.

"எல்லாம் ஜெயபாலன் ரிப்பேர் பண்ணுன மெஷின்," என்றார் மருதமுத்து. "பண்ணும்போதே உள்ள வச்சிட்டான்."

"எல்லாமா?"

"அநேகமா எல்லாம்."

"அநேகமா இல்லாததப் பாப்போம்."

10.30. சாலைக்கு எதிர்ப்பக்கம் ஹனீபாவின் இணைய மையம். ஹனீபாவும் ஜெயபாலனும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி வேலை ஜெயபாலனுக்குக் கிடைத்ததிலிருந்து இப்படி.

"என் வீட்டு மெஷின் அவன் கடை வாசல்ல கூட நின்னதில்ல தங்கச்சி," என்றார் ஹனீபா. "கோலாலம்பூர்ல வாங்கி கோலாலம்பூர்லயே பாக்குறேன். அதுல எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியல."

"ருக்மணி ரேடியோ கேப்பீங்களா?"

"நான் கேக்க மாட்டேன். என் பொண்டாட்டி அந்த அம்மா குரலக் கேட்டுக்கிட்டுத்தான் அடுப்புல ஆணம் வைப்பா. நான் கூப்புட்டா காதுல விழாது, அந்த அம்மா கூப்புட்டா விழும்." அவர் சிரிக்கவில்லை. "போன மாசம் ஒரு விருந்துக்குக் கூட அவ மட்டும் போய்ட்டு வந்தா."

"என்ன விருந்து?"

"ரேடியோவுக்கு ஒரு வருஷம் முடிஞ்ச விருந்து. ஜூன் பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை."

11.25. கம்போங் சிட்டியில் தம்பிராஜாவின் வீடு. தம்பிராஜா மலாக்கா சிட்டி, பல நூற்றாண்டுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகரின் வழி வந்தவர். கோயிலும் பூசையும் உண்டு, தமிழ் கிடையாது. வீட்டில் பேசுவது மலாய். மூன்று மாதத்தில் இரண்டு முறை அவருடைய கணினியை ஜெயபாலன் பிரித்துப் பூட்டியிருந்தான். ஆனால் நூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை. சுத்தமாக இருந்தது.

"விருந்துக்குப் போனீர்களா?" ரஹீமா மலாயில் கேட்டார்.

"ஜெயபாலன் கூப்பிட்டான், போனேன். சாப்பாடு பிரமாதம்."

"தாம்பூலப் பை கொடுத்தார்களா?"

அவர் சாமி மேடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு துணிப் பையைக் கொண்டுவந்தார். வெற்றிலை கருகிப்போயிருந்தது. பாக்கு. ஒரு சாத்துக்குடி, சுருங்கியது. அதற்கடியில் ஒரு குறுந்தட்டு. உறையில் ருக்மணியின் படம், 'நடுப்பகல் வானொலி, சிறந்த நிகழ்ச்சிகள்.' பிளாஸ்டிக் பிரிக்கப்படவில்லை.

"போட்டுப் பார்க்கவில்லையா?"

"தமிழ் எனக்குப் புரியாதே புவான். போட்டு என்ன செய்ய?"

ரஹீமா அதை உறையோடு மருதமுத்துவிடம் கொடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் கணினிப் பிரிவிலிருந்து போன் வந்தது. நிரல் அந்தத் தட்டில் இருந்தது. கணினிக்குள் நுழைத்த உடனே தானாக ஓடும். பாட்டு ஆரம்பிப்பதற்குள் குடியேறிவிடும்.

மருதமுத்து காரை ஓரமாக நிறுத்தினார். பிறகு சொன்னார், "அப்ப அந்தம்மாவோட ரேடியோவ உடைச்சது அந்தம்மாவோட ரசிகருங்க மெஷின்."

"ஆமா. அவ குரல் வேணும்னு ஆசைப்பட்டுப் போட்ட ஒவ்வொரு வீடும்."

"தட்ட யாரு செஞ்சது?"

அதை ருக்மணியிடம் போனில் கேட்டார்கள். அவள் சொன்னாள்: நிகழ்ச்சிகளைப் பொறுக்கி முதல் தட்டைச் செய்தது அக்கா சிவகாமசுந்தரி. அதை வைத்து நூற்றைம்பது பிரதி எடுத்தது ஜெயபாலன், கடைக் கணினியில்.

"திரும்பவும் கடைக் கணினி," என்றார் மருதமுத்து.

*

3.10. புக்கிட் பாரு. ஒற்றை மாடி வரிசை வீடு.

சிவகாமசுந்தரிக்கு நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் அப்பா இறக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டது அவள்தான். தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். சொல்லாமலே மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள்.

"நைட் ஷிப்டா?"

"ஜூன் பதினாறுலேர்ந்து மேடம். நானேதான் கேட்டு வாங்குனேன். பகல்ல வீட்டு வேலை பாக்கலாம்ல."

"தங்கச்சியோட ரேடியோ கேப்பீங்களா?"

"கேப்பேன். எல்லா நிகழ்ச்சியும் பதிவு பண்ணி வச்சிருக்கேன். முதல் நாள்லேர்ந்து." அவள் குரல் ருக்மணியின் குரலைப் போலவே இருந்தது. கொஞ்சம் கனம் அதிகம். கண்ணை மூடிக்கொண்டால் இவளே மைக் முன்னால் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

"நீங்களும் பேசலாமே."

"ஆரம்பத்துல பேசுனேன். ஆறு மாசம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடத்துனோம். அப்புறம் எனக்கு வேலை."

"ஜெயபாலன் எப்படி?"

"அவருதான்னு நான் சொல்ல மாட்டேன் மேடம்." ஒரு மிடறு குடித்தாள். "பொறாமை இருக்கு. அது ஊருக்கே தெரியும்."

ரஹீமாவின் கண் சுவர் நாட்காட்டியில் நின்றது. தினம் கிழிக்கும் வகை. அடியில் ராகு கால அட்டவணை. அச்சடித்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் வேறு எண் எழுதியிருந்தது. இந்த வருட நாட்காட்டி.

4.30. நிலையத்தில் ரஹீமா இருபத்தாறு நேரங்களையும் கிழமை வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதினார். மருதமுத்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பதினொண்ணுலேர்ந்து ஒண்ணுமே இல்ல புவான். ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பான். ஹனீபா!"

"ஜும்ஆ ஒண்ணே காலுக்கு. போன வெள்ளிக்கிழமை ஒண்ணு பதினேழுக்கு அடிச்சிருக்கு. அந்த நேரத்துல ஹனீபா பள்ளிவாசல்ல என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னாரு." பேனாவால் தாளைத் தட்டினார். "பதினொண்ணுலேர்ந்து ஒண்ணுமில்ல, சரி. எப்ப ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

ஜூன் 27, வெள்ளி: 12.31.

ஜூன் 25, புதன்: 2.02.

ஜூன் 19, வியாழன், முதல் தடவை: 3.32.

"யாரோ கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க மருதமுத்து. எப்ப முடியும், எப்ப முடியும்னு."

மருதமுத்து நெற்றியைத் தேய்த்தார். அவர் வீட்டில் இது தினமும் நடப்பது. அதனால்தான் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

*

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. காலை 10.15.

ஜெயபாலனைச் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள். கடைக் கதவை இழுத்துப் பூட்டி, 'செங் ஊர் வரை வேலையாகச் சென்றுள்ளேன்' என்று ஒரு அட்டை தொங்கவிட்டார்கள். உள்ளே மூலைக் கணினியை மட்டும் ஓடவிட்டார்கள். சாவி ரஹீமாவின் கைப்பையில்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றார் ருக்மணியிடம். "யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தான்."

"அவரப் பிடிச்சிட்டீங்க. அப்ப அவருதான்."

"பதினொரு மணிக்கு வழக்கம்போல ஆரம்பிங்க."

11.00. ருக்மணி மைக்கைத் திறந்தாள். குரலில் நடுக்கம் இல்லை. அவளுடைய தொழில் அது. ரஹீமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி, மடித்து, மைக்குக்கு அடியில் வைத்தார்.

11.40. பாட்டு ஓடியது. நேயர்கள் 390.

12.05. நேயர்கள் 431. பினாங்குக்காரர் எழுதியிருந்தார். ருக்மணி அதைப் படிக்காமல் தாண்டினாள்.

12.29. ஒன்றும் நடக்கவில்லை.

12.32. எண்ணிக்கை 431 என்று இருந்தது. பிறகு 70. பிறகு பூஜ்யம்.

ருக்மணி கணினியைப் பார்த்தாள். முன்பக்கத்துப் பூட்டிய கதவைப் பார்த்தாள்.

"கடைக்குள்ள யாருமில்லயே. அவரு உங்க லாக்கப்ல இருக்காரு."

"தாளைப் பிரிங்க."

பிரித்தாள். '12.30 வரை ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்குள்.'

"எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு தடவை. செவ்வாய்க்கிழமை மூணரைக்கு மேல ஒண்ணு கூட இல்ல. புதன்கிழமை பன்னெண்டரைலேர்ந்து ரெண்டு வரைக்கும் இல்ல. வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து மூணரை வரைக்கும் இல்ல. வெள்ளிக்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டரை. திங்கட்கிழமை மட்டும் எப்ப வேணும்னாலும் அடிக்குது. இது என்ன நேரம்?"

ருக்மணி விரல்விட்டுக் கிழமைகளை எண்ணினாள்.

"நான் முஸ்லிம். ஆனா இந்தத் தெருவுல வளர்ந்தவ. சின்ன வயசுல பக்கத்து வீட்டு அம்மா கடைக்குக் கிளம்பி வாசல்ல நிப்பாங்க, மணி பாத்துட்டுத் திரும்ப உள்ள போவாங்க. ஒரு வேலையையும் ராகு காலத்துல ஆரம்பிக்கக் கூடாது. கெட்ட வேலையா இருந்தாலும்."

"அவரும் ராகு காலம் பாப்பாருதான்," என்றாள் ருக்மணி மெதுவாக.

"பாப்பாரு. காலண்டர்ல போட்டிருக்கிறபடி பாப்பாரு. புதன்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை. ஒன்றரை ஆகுறவரைக்கும் திருப்புளியத் தொடல, நானே பாத்தேன். ஆனா அன்னிக்கு உங்க ரேடியோ பன்னெண்டு பதினொண்ணுக்கு விழுந்துச்சு. அவரோட ராகு காலத்துக்கு உள்ள. அவரா இருந்தா விரல் வராது. இந்த ஆளு அரை மணி கூட்டிப் பாக்குற ஆளு. எம்பத்திரண்டுல மணி மாத்துனதுக்காகக் கூட்டுற கணக்கு. அது யாரு வீட்டுக் கணக்கு?"

ருக்மணி தாளைத் திரும்ப மடித்தாள்.

"உங்கப்பாவுக்கு எத்தன பிள்ளைங்க ருக்மணி?"

"ரெண்டு."

"ஒண்ணு என் பக்கத்துல உக்காந்திருக்கு."

ருக்மணி எழுந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

ரஹீமாவின் கைப்பேசி அடித்தது. புக்கிட் பாருவிலிருந்து மருதமுத்து. 12.33க்குக் கதவைத் தட்டியிருக்கிறார். கட்டளை திரையிலேயே இருந்தது. சிவகாமசுந்தரி அணைக்க முயலவில்லை. அந்தம்மாவின் காதில் ஹெட்போன் இருந்தது என்று சொன்னார். வானொலி விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

*

3.45. நிலையத்தில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சிவகாமசுந்தரி எதையும் மறுக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் தொழிற்சாலைக் கணினிகளில் இதே போன்ற நிரல் புகுந்தது. துடைத்து எடுத்தது அவள் பிரிவு. ஒரு பிரதியை வைத்துக்கொண்டாள். எதற்கென்று அப்போது தெரியாது என்றாள்.

"ஏன்க்கா?"

"ஜனவரி ஏழாந்தேதி. பக்கத்தத் திறந்து பாத்தேன். நிகழ்ச்சிப் பட்டியல்ல என் பேரு இல்ல. உன் பேரு மட்டும் இருந்துச்சு."

"எல்லாரும் ஒரு குரல் போதும்னு எழுதுனாங்க. உன் மனசு நோகும்னுதான் சொல்லல."

"அத என்கிட்ட சொல்லியிருந்தா நொந்திருக்கும். அதோட போயிருக்கும்." அவள் மேசையைப் பார்த்துப் பேசினாள். "விருந்துல மேடையில எல்லாருக்கும் நன்றி சொன்ன. சாப்பாடு போட்டவனுக்கு, மாலை கட்டுனவளுக்கு. அந்தத் தட்ட ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது நான். என் பக்கம் திரும்பக் கூட இல்ல."

"நீ அதுக்குள்ள வைரஸ வச்சிட்டுத்தானே வந்து உக்காந்திருந்த!"

"வச்சிட்டேன். நீ என் பேரச் சொல்லியிருந்தா, அத எழுப்பியிருக்க மாட்டேன். நாலு நாள் யோசிச்சேன்."

"அவரு மாட்டிக்குவாருன்னு யோசிச்சியா?"

"அவரு மெஷின் எப்பவும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. வசதியா இருந்துச்சு. அவரப் பத்தி நான் யோசிக்கவே இல்ல." முதல் முறையாக நிமிர்ந்தாள். "நேத்து நீ நல்லாப் பேசுன. அந்த மழைக் கதை."

ருக்மணி எழுந்து வெளியே வந்தாள்.

5.00. குற்றச்சாட்டு எழுதப்பட்டது. ஜெயபாலன் பெயரில் அல்ல. அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தான். மனைவியைப் பார்த்தான்.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"ஒரு கேள்வி பாக்கி," என்றார் ரஹீமா. "உங்க கடை மெஷின்ல பென்டிரைவ் செருகாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க. இருபத்தேழு ஆறு. அதுல நிரல் இருக்குன்னு எங்க ஆளுங்க கண்டுபிடிச்சது ஜூலை ஏழாந்தேதி. உங்களுக்குப் பத்து நாள் முன்னாலயே எப்படித் தெரியும்?"

ஜெயபாலன் பெல்ட்டின் கொக்கியை இறுக்கினான்.

"மெஷின் தானா வெளிய எதையோ பேசுறதப் பாத்தேன். மத்த மெஷினுக்குத் தொத்தக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனேன்."

"எங்க போய் இடிக்குதுன்னும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என் ரேடியோவுலன்னு தெரியுமா?" என்றாள் ருக்மணி.

"தெரியும்."

"கம்பியப் பிடுங்கியிருக்கலாமே. ஒரு கம்பி."

"பிடுங்கல. அது விழுந்த அன்னிக்கெல்லாம் நீ முன்னால வந்து என்கூட உக்காந்து சாப்பிட்ட."

ருக்மணி ரஹீமாவைப் பார்த்தாள். ரஹீமா தோளைக் குலுக்கினார்.

"அதுக்குச் சட்டத்துல பிரிவு இல்லம்மா. நீங்க கேட்ட கேள்விக்கு என் பதில், அவரு செய்யல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ருக்மணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு கணவனிடம் சொன்னாள், "நூத்திப் பன்னெண்டு வீடு. லிஸ்ட்ட இவங்ககிட்ட வாங்கிக்குங்க. ஒவ்வொரு வீடா போய் உங்க கையால சுத்தம் பண்ணுங்க. அதுக்கப்புறம் நான் இருக்குறதா போறதான்னு பேசலாம்."

*

ஜூலை 14, திங்கட்கிழமை. 11.20.

பட்டியலில் முதல் பெயர் சாரதாம்பாள். காஜா பேராங்கில் கோயிலுக்குப் பின்னால் வீடு. கணினி கூடத்தில் இருந்தது. ருக்மணி பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக ஏன் விட்டுவிட்டு வந்தது என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். இயந்திரக் கோளாறு என்று சொன்னாள். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. கணவனின் பெயரையும் சொல்லவில்லை.

ஜெயபாலன் கணினிக்குப் பின்னால் குனிந்து இணையக் கம்பியில் கை வைத்தான். நிரலைத் துடைக்க முதலில் அதைக் கழற்ற வேண்டும்.

"ஐயோ, என்ன பண்ற தம்பி?" சாரதாம்பாள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"கம்பியக் கழட்டணும் அக்கா."

"கழட்டுனா நின்னுருமே! மூணு வாரமா ஒழுங்கா கேக்கல, இன்னிக்குத்தான் நல்லாப் போகுது. நாலு மணிக்கு அந்தப் பொண்ணு முடிக்கும், அப்புறம் கழட்டு."

"நாலு மணி வரைக்குமா?"

"உக்காரு. நீயும் கேளு. நல்லாப் பேசும்." அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "உனக்கு வேற வேலை இருக்கா?"

ஜெயபாலன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். பினாங்குக்காரரின் கடிதத்தை ருக்மணி படிக்க ஆரம்பித்திருந்தாள், சிரித்துக்கொண்டே.

"இல்ல அக்கா," என்றான். சோபாவில் உட்கார்ந்தான். இன்னும் நூற்றுப் பதினொரு வீடுகள் இருந்தன.